பூசத்தன்று ஐஸ் ஏற்றிய லாரி

என் மூத்த மகன் சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடத்தைப் பரப்பி வைத்துக்கொண்டு மூன்று நாளாக மனைவியுடன் மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறான். சிங்கப்பூர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான் அல்லவா, இனி ஊர் சுற்ற வேண்டுமாம். அதுவும் எங்கே? ஜப்பானுக்கு. அங்கே காரை வாடகைக்கு எடுத்து இவனே ஓட்டப் போகிறானாம். ஏதோ ஒரு பட்டணத்தில் திருவிழா, தங்க இடம் கிடைக்காது, ரோட்டில் கார் நகராது. அதைத் தாண்டினால் மலை, மலையில் பனி. திருவிழா முடியட்டும் என்று காத்திருந்தால் பனி கரைந்துவிடும். பனிக்கு முதலில் போனால் திருவிழா போய்விடும். எது முதலில் என்பதுதான் சண்டை.

நான் சிரித்துவிட்டேன். 

"எதுக்கும்மா சிரிக்கிறீங்க?" என்றான் எரிச்சலோடு.

"இதே திட்டத்த உன்னை வயித்துல வெச்சிக்கிட்டு நான் போட்டாச்சுடா. திருவிழாவும் இருந்துச்சு, பனியும் இருந்துச்சு. ஜப்பான்காரனும் இருந்தான், போ" என்றேன்.

அவன் நம்பவில்லை. ரெங்கத்து ரப்பர் தோட்டத்தில் ஏது பனி என்று கேட்டான். நியாயமான கேள்விதான். சொல்கிறேன்.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம் அது. அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அவர், அதாவது இவனுடைய அப்பா, தோட்டத்து லாரி ஓட்டினார். பெட்ரோல் கிடையாது. லாரியின் முதுகில் ஒரு பெரிய இரும்புப் பீப்பாயைக் கட்டி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையில்தான் வண்டி ஓடும். ஓடும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மேடு வந்தால் இறங்கித் தள்ள வேண்டும். ஆனாலும் அந்தக் கரி லாரிதான் எங்கள் குடும்பத்தைக் காப்பாற்றிய சாமி. லயத்து வரிசை வீடுகளில் இருந்த திடமான ஆம்பிளைகளை எல்லாம் சயாமுக்கு, அதான் இப்போது தாய்லாந்து என்கிறார்களே, அங்கே ரயில் பாதை போட ஜப்பான்காரர்கள் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை, சேதியும் இல்லை. லாரிக்கு ஆள் வேண்டும் என்பதால் இவரை மட்டும் விட்டு வைத்திருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரியின் புருஷனும் போனவர்தான். அவள் அழக்கூட மாட்டாள். மரவள்ளிக் கிழங்கை உரித்துக்கொண்டே இருப்பாள்.

வெள்ளைக்காரத் துரைமார் ஓடிப்போன பிறகு தோட்டத்துப் பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி குடியிருந்தான். ஒல்லியான ஆள். கோபம் வந்தால் அறைவான். மலேரியா வந்தால் படுத்துக்கொண்டு அனத்துவான். அவனுடைய அறைச் சுவரில் ஒரு மலையின் படம் இருந்தது, உச்சியெல்லாம் வெள்ளை. கரி மூட்டை இறக்கப் போனபோது அதைப் பார்த்துவிட்டு வந்து, "அரிசி மாவக் கொட்டி வெச்ச மாதிரி இருக்கு புள்ள" என்றார் இவர். நாங்கள் அரிசி மாவைப் பார்த்தே வெகுநாள் ஆகியிருந்ததால் எனக்கு அந்த மலையின் மேல் ஆசையே வந்துவிட்டது.

தை மாதம் அந்த அதிகாரிக்குக் காய்ச்சல் கண்டது. அவனுக்கு ஐஸ் வேண்டுமாம். காய்ச்சலுக்கு மட்டுமில்லை, அதைச் சீவி அவன் ஊர் மலை மாதிரி குவித்துப் பார்க்க வேண்டுமாம். ஜொகூர் பாரு டவுனில் ஐஸ் ஆலை ஓடிக்கொண்டிருந்தது. போய் ஏற்றி வா என்று இவரிடம் முத்திரை குத்திய பாஸைக் கொடுத்தான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி இவரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐஸ் ஐஸாவே வந்து சேரணும். தண்ணியா வந்துச்சுன்னா அடுத்த சயாம் லாரியில உன் பேருதான். அவன் வாயாலேயே சொல்லிட்டான்" என்றார்.

எனக்கு அப்போது ஏழாம் மாதம். தலைப் பிரசவம் தாய் வீட்டில்தான் நடக்க வேண்டும். ஏழில் அனுப்புவார்கள், எட்டில் அனுப்ப மாட்டார்கள், ஒன்பதில் அந்த லாரியில் ஏறினால் வழியிலேயே பிள்ளை விழுந்துவிடும். என் ஆத்தா இருந்தது கெலாங் பாத்தாவில். தோட்டத்து ஆஸ்பத்திரி பூட்டிக் கிடந்தது. என்னை யார் பார்ப்பது? ஆத்தாவை நினைத்து நினைத்து நான் சின்னப் பிள்ளை மாதிரி ஏங்கிப் போயிருந்தேன். அதைச் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

அதனால் இவர் துணிந்து, அந்த அதிகாரி முன்னால் இடுப்பு ஒடிய வணங்கி, பெண்சாதியைத் தாய் வீட்டில் விட்டு வரட்டுமா என்று கேட்டார். அவன் யோசித்தானாம். பிறகு அரைகுறை மலாயில், "போலே. ஆயர் பத்து டூலு" என்றானாம். ஆயர் பத்து என்றால் கல்லான தண்ணீர், மலாயில் ஐஸுக்கு அப்படித்தான் பேர். ஆகட்டும், ஆனால் ஐஸ் முதலில், மற்றதெல்லாம் பிறகு. ஐஸை ஏற்றிய பிறகுதான் என்னைக் கொண்டு போய் விடலாம்.

உத்தரவு வந்ததும் வாசலில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். என் மகனைப் போல எங்களிடம் வரைபடம் இல்லை. அவித்த கிழங்குத் துண்டுகள்தான் ஊர்கள். இது ரெங்கம், இது சிம்பாங் ரெங்கம், இது கூலாய், இது ஸ்கூடாய் முச்சந்தி. முச்சந்தியில் நேராகப் போனால் ஜொகூர் பாரு, வலது பக்கம் திரும்பினால் கெலாங் பாத்தா. நேராகப் போய் ஐஸை ஏற்றி, முச்சந்திக்குத் திரும்பி வந்து, கெலாங் பாத்தாவில் என்னை இறக்கிவிட்டு, வெயில் ஏறுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். கெலாங் பாத்தா ரோடு குண்டும் குழியும், பாலங்கள் உடைந்து கிடந்தன. அதனால் ஒரு நாழிகையும் வீணாகக் கூடாது.

"அன்னிக்குத் தைப்பூசமாச்சே, டவுன்ல கூட்டம் அம்முமே" என்றேன்.

"கூட்டமா? அரிசிக்கே வழியில்ல, ஊருல ஆம்பிளையே இல்ல. காவடி தூக்க யாரு இருக்கா, கூட்டம் வர? இந்த வருஷம் கோயில்ல காக்காதான் இருக்கும்" என்றார் இவர். எனக்கும் அது சரியென்றுதான் பட்டது.

பக்கத்து வீட்டுக்காரியும் எங்களோடுதான் உட்கார்ந்திருந்தாள். கூலாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். "அலமாக், ஊரையே தின்னுட்டியே!" என்று இவர் கத்த, நான் சிரித்ததில் வயிறு வலித்தது. அவள் எழுந்து போய் ஒரு மஞ்சள் துணி முடிச்சைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். "கோயில் வழியா போனா போட்டுடு" என்றாள். 

முச்சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர் கெலாங் பாத்தாக்காரர். உத்தரவு வந்த மறுநாள் கரி ஏற்ற அந்தப் பக்கம் போனபோது அவர் மூலம் ஆத்தாவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார் இவர், பூசத்தன்று வருகிறோம் என்று.

புறப்பட்டோம். போகும் வழி நன்றாகத்தான் இருந்தது. நான் முன்னால் உட்கார்ந்து, ஆத்தா என்ன சமைத்து வைத்திருப்பாள் என்று பேசிக்கொண்டே போனேன். ஜப்பான் சிப்பாய்கள் காவல் நின்ற இடங்களில் எல்லாம் இறங்கி வணங்கினோம், பாஸைப் பார்த்துவிட்டு விட்டார்கள். ஐஸ் ஆலையில் இரண்டு பெரிய பாளம். மரத்தூளைக் கொட்டி, கோணிச் சாக்கைச் சுற்றி, கரிப் பீப்பாயின் சூடு படாத மூலையில் வைத்துக் கட்டினார் இவர், பிள்ளையைப் படுக்க வைப்பது போல. 

பிறகு கடைத்தெருவுக்குள் திரும்பினோம். அங்கே நின்றுபோனோம்.

அத்தனை கூட்டம்! எங்கிருந்து வந்தார்களோ, எந்தெந்தத் தோட்டத்திலிருந்து நடந்தார்களோ! ரோடே தெரியவில்லை. மஞ்சள் சேலை, மஞ்சள் சாயம் தோய்த்த கோணி, தலையில் பால்குடம். பசும்பாலுக்கு எங்கே போவது, எல்லாம் தேங்காய்ப் பால். "நினைப்புத்தான் பொழப்பக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க! காக்கா இருக்கும்னீங்களே, பாருங்க" என்று இவரைக் கடித்துக் குதறினேன். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் போக முடியவில்லை. லாரிப் பலகை வழியாகத் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. சூட்டில் நடந்து கொப்பளித்த கால்களோடு வந்த பெண்கள், சில்லென்ற தண்ணீரைக் கண்டதும் அதில் காலை வைத்து வைத்துப் போனார்கள். 

இவர் அந்தச் சொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் நான் கூட்டத்தைச் சரியாகப் பார்த்தேன். 

எல்லாம் பொம்பளைகள். கிழவர்கள் கொஞ்சம், பிள்ளைகள் கொஞ்சம், மற்றபடி எல்லாம் பொம்பளைகள். ஆம்பிளை தூக்க வேண்டிய காவடியையும் பொம்பளைதான் தூக்கிக்கொண்டு போனாள். அடி முட்டாளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆம்பிளை இல்லாததால் கூட்டம் வராது என்று கணக்குப் போட்டோமே, ஆம்பிளை இல்லாததால்தான் இவ்வளவு கூட்டமும். ஒவ்வொரு குடத்துக்கும் பின்னால் சயாமுக்குப் போன ஒருத்தன். புருஷனோ, மகனோ, தம்பியோ. முருகா, திருப்பிக் கொடு என்று கேட்க வந்தவர்கள்.

கீழே இறங்க வழியில்லாமல், ஜன்னல் பக்கம் வந்த ஒருத்தியிடம் மஞ்சள் முடிச்சைக் கொடுத்தேன். "உன் ஊட்டுக்காரருக்கா?" என்று கேட்டாள். பக்கத்து வீட்டுக்காரருக்கு என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை ஒரு பார்வை பார்த்தாள். பொறாமை இல்லை அது. "பத்திரமா வெச்சுக்க தாயி" என்று சொல்லிவிட்டுக் குடத்தைச் சரிசெய்துகொண்டு போனாள். அந்தப் பார்வை இன்றுவரை எனக்கு மறக்கவில்லை.

கூட்டம் விலகி நாங்கள் ஊரைத் தாண்டும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஊர் எல்லையில் சிப்பாய் ஒருவன் இவரைப் பிடித்து இறக்கினான். சயாமுக்குத் தோதான திடமான ஆள் கிடைத்தால் விடுவானா? பாஸை நீட்டினால் அதைப் பார்க்கவே இல்லை. மேலே ஏறிச் சாக்கை விலக்கினான். உள்ளே கையை விட்டவன் அப்படியே நின்றான். பிறகு இரண்டு உள்ளங்கையையும் பாளத்தின் மேல் வைத்து, கன்னத்தில் ஒற்றிக்கொண்டு சிரித்தான். சின்ன வயதுதான் அவனுக்கும். போ என்று கையை ஆட்டினான். அந்தக் காகிதம் எதற்கும் உதவாது, ஐஸ் இருக்கிற வரைதான் இவர் என் புருஷன் என்று அங்கே எனக்கு உறைத்தது.

முச்சந்தி வந்தது. தேத்தண்ணிக் கடை முன்னால் ஆத்தா நின்றாள்.

பொறுமை என்பது என் ஆத்தாவுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது. வீட்டில் காத்திருக்க முடியாமல் விடிவதற்கு முன்பே நடக்கத் தொடங்கி, நாங்கள் முச்சந்தியைத் தாண்டிப் போன பிறகு வந்து சேர்ந்திருக்கிறாள். லாரியில் என்னோடு உட்கார்ந்து ஊருக்குப் போகலாம் என்ற எண்ணம். என்னைக் கண்டதும், "என்னடி இப்புடி மெலிஞ்சிட்ட, வயிறு மட்டும்தான் இருக்கு!" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஓடி வந்தாள். இவர் கெலாங் பாத்தா ரோட்டுக்கு, இடது பக்கம் திருப்ப ஸ்டியரிங்கைப் பிடித்தார். ஒரு வார்த்தை மறுப்பு இல்லை. ஐஸ் பாதியாகிவிட்டது என்று அவருக்குத் தெரியும். அந்தக் குழி ரோட்டில் போய்த் திரும்பினால் என்ன மிஞ்சும் என்றும் தெரியும். 

"திருப்பாதீங்க. நேரா வீட்டுக்குப் போங்க" என்றேன்.

"உனக்குப் பைத்தியமா புள்ள? ஆத்தா நிக்குறாங்க."

"அதான் பாத்துட்டேன்ல. நேரா போங்க."

ஆத்தாவிடம் கிராணி சொன்னதைச் சொன்னேன். அந்த வயிற்றோடு அவ்வளவு தூரம் அவளோடு நடக்கவும் முடியாது, பாஸ் இல்லாமல் அவளை ரெங்கத்துக்கு ஏற்றிக்கொண்டு போகவும் முடியாது. அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தாள். சுக்கும் மிளகும் பெருங்காயமும். பிள்ளை பெற்றவளுக்கு அரைத்துக் கொடுக்கும் காய மருந்து. அந்தக் காலத்தில் அதை எங்கே தேடிப் பிடித்தாளோ! என் முந்தானையில் முடிந்து, வயிற்றில் கையை வைத்து, "வலி கண்டா கத்து, அடக்காத. கத்துனா எனக்குக் கேக்கும்" என்றாள். நான் ஓவென்று அழுதேன். இவரும் அழுதார்.

திருப்பிக் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? இவர் பாளத்தின் ஓரத்தைச் சுத்தியால் தட்டி ஒரு துண்டை உடைத்துக் கொடுத்தார். ஆத்தா ஐஸைத் தொட்டதே இல்லை. "அடியாத்தா, சுடுதே!" என்று கையை உதறப் போனாள், பிறகு இறுக்கி மூடிக்கொண்டாள். லாரி புறப்பட்டது. திரும்பிப் பார்க்கும் தூரம்வரை பார்த்தேன்.

ரெங்கத்துக்கு வந்து சேர்ந்தபோது தலையணை அளவு ஐஸ் மிஞ்சியிருந்தது. அதிகாரி அதைச் சீவச் சொல்லி, தட்டில் மலையாகக் குவித்து, படத்துக்கு முன்னால் வைத்தானாம். அது கரைந்து முடியும்வரை எதிரே உட்கார்ந்து அழுதானாம். அழட்டும். இவருடைய பெயர் எந்தச் சயாம் லாரியிலும் ஏறவில்லை, எனக்கு அது போதும்.

சித்திரையில் வலி கண்டது. பக்கத்து வீட்டுக்காரிதான் என்னைத் தாங்கிப் பிடித்தாள், காய மருந்தை அவள்தான் அரைத்தாள். லயமே அதிரக் கத்தினேன். ஆத்தாவுக்குக் கேட்க வேண்டுமே. இதோ, மேசையில் வரைபடத்தோடு உட்கார்ந்திருப்பவன் அப்படிப் பிறந்தவன்தான். இவனை ஆத்தா பார்க்கவில்லை. ஜப்பான் சண்டை முடிவதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள். எங்களுக்குச் சேதியே பிறகுதான் வந்தது. 

சண்டை ஓய்ந்து கெலாங் பாத்தாவுக்குப் போகும்போது முச்சந்திக் கடைக்காரர் எங்களை நிறுத்திச் சொன்னார். லாரி போன பிறகும் ஆத்தா வெயிலில் அதே இடத்தில் நின்றாளாம். கடைக்குள் வந்து உட்காரச் சொன்னதற்கு மாட்டேன் என்றாளாம். விரல் இடுக்கில் தண்ணீர் ஒழுக ஒழுக, கையைத் திறக்கவே இல்லையாம். எல்லாம் ஒழுகித் தீர்ந்த பிறகு, அந்த ஈரக் கையை முகத்தில் ஒருமுறை துடைத்துக்கொண்டு, "என் மக கை சில்லுனு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்க்க நடந்தாளாம்.