செவ்வாய்க்கிழமைக் கிராம்பு டீ

மதுக்கடைக்கு வழி தெரியாமல் யாரும் அலைந்ததில்லை. குடியை விடுகிறவர்களின் கூட்டத்துக்கு வழி கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழிலில் முதல் வேலை. என்னைப் போல வாரம் தவறாமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இதெல்லாம் பழைய சங்கதி. தலையை ஆட்டிக்கொண்டே படியுங்கள்.

மூன்று சுற்று

கிழக்குத் தாம்பரத்தில் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்திலேயே ஒரு கூட்டம் உண்டு. அங்கே போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார் என்று பம்மல் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். இஸ்திரி வண்டிக்குப் பக்கத்துச் சந்து, மாடி அறை என்று போனில் அடையாளம் சொன்னார்கள். வண்டி கிடைத்தது, சந்து கிடைக்கவில்லை. பத்திரிகையின் சிறுவர் பகுதியில் இருபத்திரண்டு வருஷமாக ‘முயலுக்கு வழி காட்டுங்கள்’ படம் போட்டு வருகிறவன் நான். நேராகக் கேட்க வெட்கமாக இருந்ததால், இங்கே மாடியில் டியூஷன் ஏதாவது நடக்கிறதா என்று இஸ்திரிக்காரரிடம் விசாரித்தேன். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“குடிய நிறுத்தற கூட்டம்தானே சார்? மூணு வாட்டி என்னைத் தாண்டிப் போய்க்கினு இருந்தியே, அப்பவே கேட்டிருக்கலாம்ல. அதோ, மேல கீது.”

மேல் வீட்டுக்காரர்

மாடியில் எட்டு நாற்காலிகள். மூன்றாவதில் ஜேம்ஸ் சார் உட்கார்ந்திருந்தார். எங்கள் அடுக்ககத்தில் எனக்கு நேர் மேல் வீடு. படிக்கட்டில் பார்த்தால் தண்ணீர் லாரி வந்ததா என்று கேட்பதைத் தவிர நாங்கள் பேசிக்கொண்டதில்லை. இங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்லக் கூடாது என்ற விதியைத் தலைவர் படித்து முடித்த பிறகுதான் இருவருக்கும் மூச்சு வந்தது. நான் குடிப்பது அடுக்ககத்தில் ஒருவருக்கும் தெரியாது என்று அந்த நிமிஷம் வரை நம்பியிருந்தேன். அவர் என் பக்கம் சாய்ந்தார்.

“நீங்க தாம்பரம் கூட்டத்துக்குப் போவீங்கன்னு நெனச்சுதான் சார் நான் பம்மலுக்கு வந்தேன்.”

ஒரு ஊரில் ஒரு மனிதர்

மூன்றாவது வாரம் என்னைப் பேசச் சொன்னார்கள். பெயரைச் சொல்லி, ‘நான் ஒரு குடிநோயாளி’ என்று ஆரம்பித்து, நடந்ததைச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் முறை. நானோ வீட்டிலேயே எழுதி, இரண்டு தடவை திருத்தி எடுத்துப் போயிருந்தேன். ஒரு ஊரில் ஒரு மனிதர் இருந்தார். நல்ல வேலை, நல்ல மனைவி, கெட்ட சகவாசம். முடிவில் திருந்தினார். கடைசி வரியில் நீதியும் உண்டு.

படித்து முடித்துக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். கூட்டத்துக்கு டீ போடுகிறவர் மணி; பகலில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவர் டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டார்.

“கதை நல்லா கீது சார். அந்தாளு இன்னிக்கு வர்லியா?”

கிராம்பு

இன்னொரு தடவை குடித்தால் கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போய்விடுவேன், திரும்ப மாட்டேன் என்று என் மனைவி வசந்தா சொல்லியிருந்தாள். செய்த சத்தியங்களுக்கெல்லாம் மதிப்புப் போயிருந்ததால், குடிக்காமல் தொண்ணூறு நாளை முடித்துவிட்டே சொல்வது என்று கூட்டத்தை அவளிடம் மறைத்தேன். செவ்வாய்தோறும் புரூஃப் பார்க்கப் போவதாகச் சொல்லிவைத்தேன்.

மணியின் டீயில் கிராம்பு தூக்கலாக இருக்கும். குடித்த காலத்தில் வாடையை மறைக்க நான் மென்றதும் கிராம்புதான். செவ்வாய்தோறும் ஜேம்ஸ் சாரோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கி, கிராம்பு மணக்க வீட்டுக்குள் நுழைந்தேன். அது அவளுக்கு என்ன சொல்லும் என்பது எனக்கு உறைக்கவேயில்லை. அறுபத்து மூன்றாம் நாள் கூடத்தில் பெட்டி கட்டி வைத்திருந்தாள். உண்மையைச் சொன்னேன், நம்பவில்லை. சாட்சிக்கு ஜேம்ஸ் சாரைக் கூட்டி வந்தேன். ரெண்டு பேரும் எங்கே போகிறீர்கள் என்று அவரிடமே கேட்டாள். அவர் என்னைப் பார்த்தார். விதியை நினைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதை நான் வெளியில சொல்லக் கூடாது சிஸ்டர்.”

கடைசி நாற்காலி

மாதத்தின் கடைசிச் செவ்வாய் குடும்பத்தாரும் வரலாம். அதற்கு ஒரு வாரம் இருந்தது. தவணை கேட்டேன், பெட்டியைப் பிரிக்காமலே கொடுத்தாள். அன்று பெட்டியோடுதான் வந்தாள். இதுவும் பொய் என்றால் அப்படியே பஸ் ஏறிவிடுவாளாம். பெட்டியைக் காலருகில் வைத்துக்கொண்டு கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

என் முறை வந்தது. கையில் காகிதம் இல்லை. பெயரைச் சொன்னேன். குடிநோயாளி என்றேன். பேத்தி பிறந்த அன்று நான் ஆஸ்பத்திரிக்கு வராததற்குக் காரணம், இரண்டு வருஷமாகச் சொல்லிவந்தபடி பஸ் கிடைக்காதது அல்ல, குடித்துவிட்டுப் படுத்திருந்தேன் என்றேன். இன்று எழுபதாவது நாள் என்றேன். அதற்கு மேல் நீதி எதுவும் இல்லாததால் உட்கார்ந்துவிட்டேன்.

வசந்தா என்னைப் பார்க்கவில்லை. மணி கொடுத்த டம்ளரை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். முகர்ந்தாள். மறுபடியும் முகர்ந்தாள். பிறகு மணியைக் கூப்பிட்டாள்.

“தம்பி, அடுத்த வாரத்துலேர்ந்து இதுல ஏலக்காய் போடுங்க.”

அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பம்மலிலிருந்து தாம்பரம் வரை ஷேர் ஆட்டோவில் நசுங்கி வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஒளிந்து குடிப்பதைவிடச் சிரமமான வேலை, ஒளிந்து குடிக்காமல் இருப்பது.