வாசலில் தூக்கிய கைகள்

தொண்ணூறுகளின் நடுவில், ஆவடித் தொழிற்சாலையில் ஒரே பிரிவில் வேலை பார்த்த நாங்கள் ஐந்து பேர், பூந்தமல்லிக்கு அப்பால் இருந்த தீம் பார்க்குக்குப் போனோம். எல்லோருக்கும் வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. ராட்டினத்தில் ஏறும் முன் ஒருவன் குனிந்து போல்ட்டுகளைப் பார்த்தான். இன்னொருவன் வெல்டிங்கைத் தடவிவிட்டு, தரச் சோதனையில் சொல்வதைப் போல "பாஸ்" என்றான். எனக்கு எரிச்சல் வந்தது. "இன்னிக்கு ஒரு நாளாவது ஃபேக்டரியை மறந்து தொலைங்கடா!" என்று கத்தினேன். அதன் பிறகு தண்ணீர்ச் சறுக்கில் சின்னப் பிள்ளைகளைப் போல மறுபடி மறுபடி ஏறி விழுந்தோம்.

சாயங்காலம் வெளியே போகும் வாசலில் காக்கி உடையில் ஒரு காவலாளி நின்றிருந்தார். முன்னால் போனவன் காலி டிபன் பாக்ஸைத் திறந்து அவரிடம் காட்டிவிட்டு, இரண்டு கைகளையும் தூக்கினான். பின்னால் வந்த மூவரும் அதேபோலக் கைகளைத் தூக்கி நின்றார்கள். எங்கள் தொழிற்சாலை வாசலில் தினமும் இப்படிச் சோதனை முடிந்த பிறகுதான் வெளியே விடுவார்கள்.

காவலாளி மிரண்டுபோனார். "இன்னா அண்ணாத்தே, கைய தூக்கிகினு நிக்கிறீங்க? ஊட்டுக்குப் போங்க."

நாலு பேரும் அசடு வழிய நடந்தார்கள். அவர்களைத் திட்ட வாயைத் திறந்தபோதுதான் கவனித்தேன், என் கைகளும் மேலேதான் இருந்தன.