லீனா கேப்டனாக இருந்த ஒரு வாரம்

புது டிவி அரை மணி நேரம் ஓடினால் அதன் முதுகுப்பக்கத்திலிருந்து சூடான பிளாஸ்டிக்கும் லேசாகக் கருகிய தூசியும் கலந்த ஒரு வாசனை வரும். அணைத்த உடனே திரைக்கு அருகில் கையைக் கொண்டுபோனால் பூனைமுடியெல்லாம் எழுந்து கண்ணாடியைப் பார்த்து நிற்கும். சிங்காநல்லூரில் ஒரு மில்லுக்குப் பின்னால் வரிசையாக இருந்த ‘லைன் ஊடு’களில் ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம். அரசாங்கம் கொடுத்த அந்தக் கலர் டிவிதான் ‘இது எங்களுது’ என்று நாங்கள் சொல்லிக்கொண்ட முதல் பெரிய பொருள். அம்மா தன் பழைய சேலையைக் கிழித்து அதற்கு உறை தைத்திருந்தாள். அந்த உறையை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எடுக்கும் உரிமை எனக்கு மட்டும் இருந்தது. அப்போது எனக்குப் பத்து வயது.

பத்து மணிக்கு வருவது தமிழில் குரல் மாற்றிய ஒரு வெளிநாட்டுத் தொடர். விண்வெளியில் ஊர் ஊராகப் போகும் ஒரு கப்பல், அதில் பத்துப் பதினைந்து பேர், வாரத்துக்கு ஓர் ஆபத்து. அதன் முழுப் பெயர் எங்கள் வாயில் நுழையாததால் லைன் முழுவதும் அதைக் ‘கப்பல் நாடகம்’ என்றுதான் சொன்னோம். அதன் கேப்டன் டோரன் என் தெய்வம். பிஸ்கட் பாக்கெட்டின் வெள்ளிக் காகிதத்தை அட்டையில் ஒட்டி, அவர் நெஞ்சில் இருப்பது போன்ற ஒரு பேட்ஜ் செய்து, குளிக்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் சட்டையில் குத்திக்கொண்டு திரிந்தேன். அதே கப்பலில் லீனா என்று ஒருத்தி இருந்தாள். இன்ஜின் அறையில் குழாய்களைத் துடைப்பது அவள் வேலை. ஒரு வாரத்துக்கு இரண்டு வசனம் அவளுக்குக் கிடைத்தால் அதிகம்.

என் அக்கா கவிதா அந்த வருஷம் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்தாள். எனக்குப் புரியாத இடங்களை எனக்குச் சொல்லித் தருவது அவள்தான். ஒருநாள் அவள் ஒரு விஷயத்தைக் கவனித்துச் சொன்னாள். டோரன் டாக்டரை, வழி பார்க்கிறவரை, சமையல்காரரைக்கூட ‘வாங்க, சொல்லுங்க’ என்கிறார். லீனாவிடம் மட்டும் ‘நீ போயி அந்தக் குழாயைப் பாரு’ என்கிறார். “அவளுக்கு மட்டும் எதுக்குடா ‘நீ’?” என்றாள். கேப்டன் என்றால் அப்படித்தான் என்று நான் அவருக்காக வாதாடினேன்.

வெளியூர்க்காரர்கள் எங்கள் ஊர்ப் பேச்சின் ‘ங்க’வைப் பெருமையாகச் சொல்வார்கள். என் அப்பாவும் அம்மாவும் அந்த ‘ங்க’வைக் கொடுத்துக் கொடுத்தே வளர்ந்தவர்கள்; அவர்களுக்குத் திரும்பி வந்தது குறைவு. காங்கேயம் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் அப்பா பண்ணையத்துக் கூலியாக இருந்தபோது, தோட்டக்காரர் வீட்டில் பள்ளிக்கூடம் போகும் வயதுப் பிள்ளைகளையும் அவர் ‘வாங்க’ என்றுதான் அழைக்க வேண்டும். அந்தப் பிள்ளைகள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கோயமுத்தூருக்கு வந்து பவுண்டரி வேலைக்குச் சேர்ந்த பிறகு, அந்தக் கணக்கை எங்களிடம் தீர்த்துக்கொள்வதுபோல, பெற்ற பிள்ளைகளை அவர் ‘வாங்க சாமி’, ‘சாப்புடுங்க அம்மணி’ என்றே அழைத்தார். நானும் அக்காவும் வாங்கிய ‘ங்க’வெல்லாம் அந்த ஒரே அறைக்குள் வாங்கியதுதான்.

அந்தக் கோடையில் அப்பா வீட்டில் இருந்தார். உருக்கிய இரும்பு தெறித்து அவருடைய வலது பாதம் வெந்து, கட்டுப்போட்டு, சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அதனால் அவரும் எங்களோடு கப்பல் நாடகம் பார்த்தார். ‘இத்தன பெரிய வண்டிக்கு எங்கியாச்சும் டீசல் போடறாங்களா பாருங்க’ என்று அவ்வப்போது கேட்பார்.

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கப்பல் ஒரு நீலப் புகைக்குள் நுழைந்து வெளியே வந்தது. வந்து பார்த்தால் கேப்டன் நாற்காலியில் லீனா உட்கார்ந்திருக்கிறாள். அதே நீலச் சட்டை, அதே பேட்ஜ். என் டோரன் முழங்கை வரை கிரீஸ் அப்பிக்கொண்டு இன்ஜின் அறையில் குழாய் துடைத்துக்கொண்டிருந்தார். இதுதான் எப்போதும் நடப்பது என்பதுபோல யாரும் ஆச்சரியப்படவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் காரணம் தெரிந்தது: பல வருஷங்களுக்கு முன்னால் இருவரும் கேப்டன் படிப்புக்குப் பரீட்சை எழுதினார்கள், இருந்தது ஓரிடம், நமக்குத் தெரிந்த உலகத்தில் அது டோரனுக்குக் கிடைத்தது, புகைக்கு அந்தப்பக்கம் இருக்கும் உலகத்தில் லீனாவுக்குக் கிடைத்துவிட்டது. டோரன் மேலே வந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தலை குனிந்தபடி, “நீங்க சொல்லுங்க கேப்டன்” என்றார். அக்கா கைதட்டினாள். அவள் டிவி பார்த்துக் கைதட்டி அதற்கு முன் நான் கண்டதில்லை. பிறகு ‘தொடரும்’ என்று எழுத்து வந்தது.

நான் அழுதேன். அழுகை அடங்கியதும், இது கேபிள் போடுகிறவருடைய தவறு என்று முடிவுசெய்து, பஸ் ஸ்டாண்டு ரோட்டில் இருந்த அவர் கடைக்கே போய், டோரன் கேப்டனாக இருக்கிற கப்பல் நாடகத்தைத்தான் போட வேண்டும் என்று முறையிட்டேன். அவர் ஒயரைச் சீவிக்கொண்டே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். “ஏனுங் தம்பி, மேலிருந்து என்ன வருதோ அதத்தானுங்க நாங்க உடறோம். கேப்டன மாத்தறதெல்லாம் நம்ம கையில இல்லீங்க” என்றார். கடையில் இருந்த இருவர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்பதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

அந்த வாரம் முழுவதும் அக்காவுக்கும் எனக்கும் சண்டை. லீனா நல்ல கேப்டன், ஒருத்தரையும் அதட்டாமல் வேலை வாங்குகிறாள், இதுவே இப்படியே இருந்துவிட்டால் என்ன என்று அவள் கேட்டாள். அப்படியானால் டோரன் காலம் முழுக்கக் குழாய் துடைக்க வேண்டுமா என்று நான் கத்தினேன். “ஏன், இத்தன நாள் அவ தொடைக்கலையா” என்றாள். எனக்குக் கோபம் இன்னும் கூடியது. அவளோடு ‘டூ’ விட்டேன்.

இதற்கிடையில்தான் அவளுடைய ரிசல்ட் வந்தது. எங்கள் லைனில் அதுவரை யாரும் வாங்காத மார்க். பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் பாரம் வாங்கி வந்து, டிவி உறைக்கு அடியில் மடிக்காமல் வைத்திருந்தாள். ஆனால் அப்பாவின் கால் ஆறுவதாக இல்லை. அம்மா வேலை பார்த்த மில்லில் அக்காவுக்கும் ஓர் இடம் இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இரண்டையும் பற்றி வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை குழாயடியில் அக்கா என் டூவை மதிக்காமல் என் தோளைப் பிடித்து நிறுத்தினாள். “அப்பா உன்னயக் கேப்பாருடா. உன்ற பேச்சுன்னா அவருக்குப் பிரியம். அக்கா படிக்கட்டும்னு ஒரு வார்த்த சொல்லு. வேறொண்ணும் சொல்ல வேண்டாம்” என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சொன்னபடியே மறுநாள் மதியம் அப்பா கேட்டார். எங்கள் வீட்டில் எந்தப் பெரிய முடிவுக்கு முன்னும் அவர் விளையாட்டாக என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கம். கட்டுப்போட்ட காலைத் தடவிக்கொண்டு, “சாமி, நீங்க சொல்லுங்க. அக்கா பள்ளிக்கொடத்துக்குப் போகோணுமா, மில்லுக்குப் போகோணுமா” என்றார். விளையாட்டுக் குரல்தான், ஆனால் அவர் கண்ணில் விளையாட்டு இல்லை. யாராவது ஒருவர் தனக்கு எதிராக ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டார்களா என்று அவரும் பார்த்தாரோ என்று இப்போது தோன்றுகிறது. அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அக்கா வாசற்படியில் தண்ணீர்க் குடத்தோடு நின்று என்னையே பார்த்தாள். நான் என் பேட்ஜின் வெள்ளிக் காகிதத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் என் மனதில் இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், அவள் லீனாவுக்குக் கைதட்டியது மட்டும்தான். நான் பேசவில்லை.

குடத்தை இறக்கி வைத்துவிட்டு அக்காவே சொன்னாள்: “நான் மில்லுக்கே போறனுங்கப்பா. தம்பி படிக்கட்டும்.” அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ‘என்ற பொண்ணு தானாவே சொல்லிருச்சு’ என்று அம்மா அன்று மாலை லைன் முழுக்கச் சொன்னாள். பொறுப்பான பிள்ளை என்று எல்லோரும் அக்காவைப் புகழ்ந்தார்கள். ‘தானாவே சொல்லிருச்சு’ என்ற அந்த வாசகத்தை நானும் பிடித்துக்கொண்டேன். பல வருஷம் அது எனக்குப் போர்வையாக இருந்தது.

மறுநாள் கதையின் இரண்டாம் பாகம் வந்தது. புகையால் உண்டான ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகிறது; அதை மூட வேண்டுமானால் எல்லாம் பழைய உலகத்துக்குத் திரும்ப வேண்டும்; அதற்கான நெம்புகோல் கேப்டனுடைய கைக்கு மட்டும்தான் அசையும். திரும்பினால் லீனா மறுபடியும் குழாய் துடைப்பவள், நடந்தது அவளுக்கே நினைவிருக்காது. அவள் நெம்புகோலை இழுத்தாள். டோரன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். “நீ போயி அந்தக் குழாயைப் பாரு” என்றார். நான் பாயில் குதித்தேன்.

“அந்தக் கேப்டன் லீனா இப்ப எங்கடா இருப்பா” என்று அக்கா கேட்டாள்.

“அவ கெடையவே கெடையாது” என்றேன். திங்கட்கிழமை காலை அவள் அம்மாவோடு ஒரே டிபன் கேரியரில் சோறு எடுத்துக்கொண்டு மில்லுக்குப் போனாள்.

நான் படித்தேன். இன்ஜினியரிங் சேரும்போது ‘முதல் பட்டதாரி’ சான்றிதழுக்காக அப்பாவும் நானும் கிராம நிர்வாக அலுவலகத்தில் நின்றோம். குடும்பத்தில் ஒவ்வொருவரும் என்ன படித்திருக்கிறார்கள் என்று ஒரு பாரத்தில் எழுத வேண்டும். அப்பா பெயருக்கு நேரே ஒரு கோடு, அம்மாவுக்கு ஒரு கோடு. கவிதா, பத்தாம் வகுப்பு என்று எழுதியபோது பேனா நின்றது. மூத்தவங்க யாரும் டிகிரி முடிக்கலையே என்று அலுவலர் கேட்டார். “இல்லீங்க சார், இவருதானுங்க மொதோ ஆளு” என்று அப்பா கைகட்டி, ஆனால் நிமிர்ந்து நின்று சொன்னார். அந்தப் பாரத்தில் இன்னொருத்தியின் பெயர் முதலில் இருந்திருக்கக்கூடிய ஓர் உலகம் உண்டு என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அக்கா கல்யாணமாகிச் சிங்காநல்லூரிலேயே இருக்கிறாள். நூற்புப் பிரிவில் ஒரு ஷிப்ட் முழுவதும் அவள் பொறுப்பு. எங்கள் லைன் வீடுகளை இடித்து வண்டி நிறுத்த இடம் ஆக்கிவிட்டார்கள். அந்தச் சேனலே இல்லை. போன மாதம் இணையத்தில் கப்பல் நாடகம் முழுவதும் கிடைத்தது. ஆனால் ஆங்கிலத்தில் மட்டும். தமிழில் பேசியவர்கள் யார், அந்த ஒலி எங்கே போனது என்று எவ்வளவு தேடியும் ஒரு தடயம் இல்லை. ஆங்கிலத்தில் டோரன் எல்லோரையும் ஒரே சொல்லால்தான் அழைக்கிறார். லீனாவை இறக்கிய அந்த ‘நீ’யும் சரி, உயர்த்திய அந்த ‘நீங்க’வும் சரி, பெயர் தெரியாத யாரோ ஒரு தமிழர் எங்களுக்காக எழுதிச் சேர்த்தது. அது இப்போது அக்காவின் ஞாபகத்திலும் என் ஞாபகத்திலும் மட்டும்தான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்தாள். நான் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். என் குரல் டோரனுக்குக் கொஞ்சமும் பொருந்தவில்லை என்று கேலி செய்தாள். நெம்புகோல் காட்சி வந்ததும், பழைய குற்றவுணர்வுக்கு மருந்து போடுவதாக நினைத்துக்கொண்டு, “பாத்தியாக்கா, யாரும் அவளக் கட்டாயப்படுத்தல. அவளே முடிவு பண்றா. உண்மையான கேப்டன் அவதான்” என்றேன்.

அக்கா கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடியும் போடச் சொன்னாள். போட்டேன். மேசையைச் சுற்றி ஆறு பேர் நிற்கிறார்கள். என்ன செய்யலாம் என்று லீனா கேட்கிறாள். கேமரா ஒவ்வொரு முகமாகப் போகிறது. டாக்டர் தரையைப் பார்க்கிறார். வழி பார்க்கிறவர் ஜன்னலைப் பார்க்கிறார். டோரன் கையிலிருந்த துணியைத் திருகிக்கொண்டிருக்கிறார். ஒருவரும் பேசவில்லை. அதன் பிறகுதான் அவள் கை நெம்புகோலுக்குப் போகிறது. பத்து வயதில் நான் அந்தக் கையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

“சுத்தி நின்னவன் ஒருத்தனும் வாயத் தொறக்கலைன்னா, அவதானடா இழுத்தாகோணும்” என்றாள் அக்கா.

நான் லேப்டாப்பை நிறுத்தினேன். பேட்ஜைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த மதியத்தைப் பற்றி, டூ விட்டதைப் பற்றி, முதன்முறையாக அவளிடம் சொன்னேன். வெங்காயத்தால் அவளுக்கு ஏற்கெனவே கண் கலங்கியிருந்ததால் எது எதனால் என்று தெரியவில்லை. “பத்து வயசுப் பையன் நீ. உனக்கென்ன தெரியும்” என்றாள். தோலையெல்லாம் முறத்தில் கூட்டிச் சேர்த்தாள். நீ சொல்லியிருந்தாலும் அப்பா கேட்டிருக்க மாட்டார், அவரால் வேறு என்ன செய்திருக்க முடியும் என்றாள். எழுந்து அடுக்களைப் பக்கம் இரண்டடி போனவள் திரும்பி நின்றாள்.

“ஆனாலும் சொல்லியிருக்கலாம்டா.”

“ஆமாங்கக்கா” என்றேன்.