கேட்டைத் திறக்கச் சொன்ன பாட்டு

முதல் சில வருஷங்கள் நாங்கள் இங்கிலீஷில்தான் பாடினோம். கேட்டவர்களுக்குப் புரியாது, பாடிய எங்களுக்கும் பாதி புரியாது. ராக் பேண்டு என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தோம். ஆவடி வெயிலில் கறுப்பு டீ-ஷர்ட், ஒட்டிப்பிடித்த ஜீன்ஸ், தோள் வரை முடி. கல்யாண ரிசப்ஷனில் நாங்கள் ஆரம்பித்ததும் ஜனங்கள் பந்திக்கு எழுந்து போய்விடுவார்கள். சமையல்காரர்களுக்குத்தான் எங்களால் உபகாரம்.

மொத்தம் நாலு பேர். டிரம்ஸும் கீபோர்டும் கொரட்டூரிலிருந்து வரும் அண்ணன் தம்பி. கிடார் வாசித்துப் பாடியவன் என் சிநேகிதன். சென்னீர்குப்பத்தில் வீடு, அப்பா மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், பி.காம். முடித்துவிட்டு மாதா கோயில் கொயரில் கிடாரோடு காலம் தள்ளிக்கொண்டிருந்தான். நான் பேஸ் கிடார். நாலு பேரில் வேலைக்குப் போனவன் நான் மட்டும்தான். ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் இரும்பைச் செதுக்கும் மில்லிங் மெஷினில் வேலை. அப்பாவும் அங்கேதான். குடியிருந்தது அந்தத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில். எனக்கு மட்டும் முடி காதோடு சரி. மெஷினில் மாட்டும் என்று ஃபோர்மேன் வளர்க்க விடமாட்டார்.

அந்த வேலை எனக்கு ஒரு நாள்கூடப் பிடித்ததில்லை. சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. எங்கள் குவார்ட்டர்ஸில் அரிசி உலையில் விழுவதும் பிள்ளைகள் குளிப்பதும் அந்தச் சங்குக்குத்தான். 'பர்மனென்ட் வேலை' என்று ஊரே பெருமூச்சு விடும். பர்மனென்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு மூச்சு முட்டும். பேண்டு மட்டும் கொஞ்சம் பேர் வாங்கினால் வேலையை உதறிவிட்டு ஓடிவிடலாம் என்பதுதான் என் கணக்கு. மெஷினின் டக்-டடக் சத்தத்துக்கு ஏற்ப, எரிச்சலில் ஒரு நாள் மனதுக்குள் நானே கட்டிய பாட்டு இது:

'கேட்டத் தொற அண்ணாத்தே, நான் ஊட்டுக்குப் போவணும்
காத்தாட ஒரு தபா நான் ரோட்டுல நடக்கணும்.'

சிநேகிதனிடம் வெட்கத்தோடு பாடிக் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் கிடாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். "மச்சான், இத்தினி நாளா இத்த வுட்டுட்டு இன்னாத்துக்குடா அந்த இங்கிலீஷப் புட்ச்சி தொங்கினு கீறோம்?" என்றான்.

மாதா கோயில் திருவிழாவில்தான் முதலில் பாடினோம். ஷிப்டு முடிந்து நேராக வந்ததால் எண்ணெய்க் கறையோடு நீல யூனிஃபார்மிலேயே மேடை ஏறிவிட்டேன். பாட்டை ஆரம்பிக்கப் போகும்போது மைக் செட்காரர் எதையோ திருகப்போய் ஸ்பீக்கர் நீளமாக ஊளையிட்டது. அப்படியே எங்கள் சங்குச் சத்தம். மைதானத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் தொழிற்சாலை ஆண்கள் படபடவென்று எழுந்தார்கள். சிலர் சைக்கிளைத் தேடி ஓடினார்கள். அன்றைக்கு லீவு போட்டிருந்தவர்களும் எழுந்து நின்றதுதான் வேடிக்கை. பெண்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குள்ளேயே டிரம்ஸ் டக்-டடக் என்று விழ, சிநேகிதன் மைக்கை என் பக்கம் திருப்பினான், நான் 'கேட்டத் தொற அண்ணாத்தே' என்று எடுத்தேன். எழுந்தவர்கள் உட்காரவே இல்லை. கடைசி வரை ஆட்டம்தான்.

அதோடு இங்கிலீஷுக்கு முழுக்கு. டீ-ஷர்ட்டும் ஜீன்ஸும் பெட்டிக்குள் போயின. இனி நாலு பேரும் நீல யூனிஃபார்ம்தான் என்று சிநேகிதன் முடிவு செய்தான். பூந்தமல்லி டெய்லரிடம் மூன்று பேரும் அளவு கொடுத்து, இடுப்பைப் பிடித்துத் தைத்துக்கொண்டார்கள். என்னுடையது மட்டும் தொழிற்சாலை கொடுத்தது, தொளதொளவென்று. புதுத் துணி பளபளவென்று இருக்கிறது, கொஞ்சம் மெஷின் எண்ணெய் கொண்டுவா, தடவிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் பாட்டு முடிந்ததும் அதைக் கழற்றி மடித்து வைத்துவிடுவார்கள். நான் அதோடு மெஷினுக்குப் போக வேண்டும், மெஷினிலிருந்து மேடைக்குப் போக வேண்டும். எதிலிருந்து தப்பிக்கப் பாட்டுக் கட்டினேனோ அதையே சாயங்காலமும் மாட்டிக்கொண்டேன். ஆப்பைப் பிடுங்கிய குரங்குக்கும் எனக்கும் வித்தியாசமில்லை.

பாட்டு எங்கும் பரவியது. அம்பத்தூர் எஸ்டேட்டில் எந்தப் பட்டறையில் ஆயுத பூஜை என்றாலும் கூப்பிட்டார்கள். வேறு எது பாடினாலும் "சங்குப் பாட்டு! சங்குப் பாட்டு!" என்று கத்துவார்கள். எங்கள் தொழிற்சாலையின் மனமகிழ் மன்றமும் எங்களைச் சேர்த்துக்கொண்டது. உள்ளே போகவே பிடிக்காதவன் உள்ளே போய்ப் பாடினேன், அதுவும் கேட்டைத் திறக்கச் சொல்லி. அதிகாரிகள் முன்வரிசையில் தாளம் போட்டார்கள். ஃபோர்மேன் என் முதுகில் தட்டி, "சூப்பர்யா, நம்ம கஷ்டத்த அப்டியே சொல்லிட்ட" என்றார். பிறகு மெஷினைக் காட்டி, போ என்றார்.

அப்போதுதான் சிநேகிதன் அந்தச் சேதியோடு வந்தான். அவன் மாமா மூலம் பயணிகள் கப்பலில் பேண்டு வேலை. கிடாருக்கு ஒருவர், பேஸுக்கு ஒருவர். "ரெண்டு பேரும் கெளம்பிடலாம் மச்சான். உங்க நைனா ரிட்டையர் ஆவுற வரைக்கும் டயம் கேட்டுக்கினேன். அன்னிக்கி ஒரு பதில் சொல்லிடு" என்றான். எனக்குத் தூக்கம் போயிற்று. அப்பா ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஊரில் இருந்த பங்கு நிலம் அக்கா கல்யாணத்தோடு கைவிட்டுப் போயிருந்தது. அதனால் என்ன? நசரத்பேட்டையில் ஒரு சின்ன வாடகை வீடு பார்த்து வைத்தேன். கப்பல் சம்பளத்தில் வாடகை அனுப்பிவிடலாம். வழியனுப்பு விழா முடிந்ததும் அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அந்த நாட்களில் மெஷின் சத்தம்கூட எனக்கு இனிமையாகக் கேட்டது.

ஓய்வு பெறுகிறவரை செக்‌ஷன் ஆட்கள் மாலை போட்டு மேளத்தோடு வீடு வரை கொண்டுவந்து விடுவது எங்கள் வழக்கம். அப்பாவுக்கு மேளத்துக்குப் பதில் எங்கள் பேண்டு, டெம்போ மேல். வழி நெடுக ஒரே பாட்டு. யாரிடமும் சத்தமாகப் பேசாத அப்பா கழுத்தில் மாலையோடு ரோட்டில் இறங்கி ஆடினார். அவர் ஆடி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார். மாலையைக் கழற்றவில்லை. நான் எதிரே நின்று தொண்டையைச் செருமினேன். சிநேகிதன் வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, ஒன்னு சொல்லணும்..."

"இரு, நான் மொதல்ல சொல்லிடறேன்," என்றார் அப்பா. "ஊட்ட காலி பண்ண வாணாம். உன் பேருக்கே மாத்திட்டாங்க. நீ வேலைல கீற வரைக்கும் யாரும் காலி பண்ணச் சொல்ல முடியாது. எத்தினி பேரு காத்துக்கினு கீறான் தெரியுமா? பெரிய ஆபீசரே சொன்னாரு, பாட்டுக்காரப் பையனா, அவன் எங்கயும் போவமாட்டான், அவன் நம்ம ஆளுன்னு. உன் பாட்டு வாங்கிக் குடுத்த ஊடுடா இது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த முகங்களைப் பார்த்துக்கொண்டு நசரத்பேட்டையையும் கப்பலையும் யாரால் சொல்ல முடியும்?

"இன்னாடா, மொகம் ஒரு மாதிரி கீது? சந்தோசமில்லியா?"

"சந்தோசம்தாம்பா," என்றேன்.

சிநேகிதன் உள்ளே வந்து என் தோளைத் தொட்டான். "நான் வேற ஆளப் பாத்துக்கறேன் மச்சான்," என்று காதோடு சொல்லிவிட்டு அப்பாவுக்குக் கை கொடுத்தான்.

வெளியே செக்‌ஷன் ஆட்கள் இன்னொரு தபா, இன்னொரு தபா என்று கூச்சல் போட்டார்கள். நான் போய் டெம்போவில் ஏறி பேஸை மாட்டிக்கொண்டேன். 'கேட்டத் தொற அண்ணாத்தே' என்று முழுத் தொண்டையில் பாடினேன். பக்கத்தில் நின்று கிடார் வாசித்த சிநேகிதன் என் பக்கம் திரும்பவே இல்லை. கீழே அப்பா எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டிக்கொண்டிருந்தார். அவருக்காகச் சிரித்துக்கொண்டே பாடினேன். அழுகையாக வந்தது.