பக்கத்து இருக்கையில் மொனியா

ஸ்பாக்ஸ் நகரத்தில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மொனியாவுக்கு ஒரு மாதமாக இருப்புக்கொள்ளவில்லை. எதிரே புதிதாகப் பயிற்சிப் பள்ளி திறந்தவன் தன் முகத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டியிருந்தான். அன்றிலிருந்து இவளிடம் ஒருத்திகூடப் புதிதாகச் சேரவில்லை.

தானும் படம் வைப்பதென்று மூன்று புகைப்படக்காரர்களை விசாரித்தாள். இருவர் கோட்டு போட்டு ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார்கள். லொத்ஃபி மட்டும், "நீங்க வேல பாக்குற எடத்துக்கே வர்றேன்" என்றான். அவனையே பிடித்துக்கொண்டாள்.

ஆனால் காரருகே நின்று எடுத்த நாற்பது படத்திலும் பல்வலிக்காரி மாதிரியே இருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் சிரிங்க."

"இதுக்கு மேல சிரிச்சா பைத்தியம்னுவாங்க. சும்மா நின்னா எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

"தெரியாதுக்கா."

"வெளங்கும். ஏறி ஸ்டியரிங்கப் பிடி."

லொத்ஃபி கேமராவை முன்கண்ணாடியடியில் பொருத்தி, அது தானாகவே படமெடுக்கும்படி வைத்துவிட்டு ஏறினான். வளைவில் ஆலிவ் காய் ஏற்றிய லாரி எதிரே வந்ததும் அலறினான்.

"கண்ணத் தொறடா! நான் இருக்கேன்ல!" மொனியா ஒரு கையால் ஸ்டியரிங்கைத் திருப்பி, கற்றுக்கொடுப்பவருக்கென்று தன் பக்கம் இருந்த பிரேக்கை மிதித்தாள்.

அந்தக் கணமும் படமாகியிருந்தது. அவன் கண் இறுக மூடியிருந்தது. அவள் கண் சாலையில், கை ஸ்டியரிங்கில்.

"இது வேணாம்க்கா, மானம் போயிரும்."

"இதாண்டா வேணும். எதிர்ப் பள்ளிக்காரன் படத்துல அவன் மட்டுந்தான் இருக்கான்."

படத்தைக் காரின் கதவில் ஒட்டிய மறுநாள், ஒரு பெண் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நானும் இப்படி அலறுவேன். திட்டுவீங்களா?"

"திட்டுவேன். கைய விடமாட்டேன். ஏறு."