நீதியும் பாதிக் கடலைமிட்டாயும்

பசுவந்தனைக்குப் பக்கத்துக் கிராமப் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு நான்தான் டீச்சர். கதை முடிந்ததும் ‘நீதி என்ன?’ என்று கேட்காமல் விடமாட்டேன்.

அன்று, யாருக்கும் கொடுக்காமல் கடலையைக் கரிசலில் புதைத்துவைத்த அணிலின் கதையை நடித்துக் காட்டினேன். மழை பெய்து கடலை முளைத்துவிட்டது, அணிலுக்கும் கிடைக்கவில்லை.

“நீதி என்ன?”

“பகிர்ந்து உண்ண வேண்டும்” என்று வகுப்பே கத்தியது. புதிதாகச் சேர்ந்த லட்சுமி மட்டும் வாய் திறக்கவில்லை. என்றைக்கும் இப்படித்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏட்டி, ஒன்னத்தான் கேக்கேன். நீதி என்ன?”

மிரண்டுபோய்ப் பையைத் துழாவினாள். ஓரம் கடித்த கடலைமிட்டாய் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவள் பக்கத்தில் இருக்கும் செல்வி எழுந்தாள். “டீச்சர், அவ வீட்ல தெலுங்குதான் பேசுவாவ. அதுல ‘நீதி’ன்னா ‘ஒன்னோடது’. ஒன்னோடது என்னன்னு கேக்கீங்கன்னு நெனச்சிட்டா.”

கதை புரியாத பிள்ளை என்று நான் முடிவுகட்டியிருந்தேன். மற்றவர்கள் வாயால் சொன்ன நீதியை அவள் ஒருத்திதான் கையில் கொண்டுவந்திருந்தாள்.

மிட்டாயை உடைத்து, “நீதி” என்று சொல்லி ஒரு பாதியை நீட்டினேன். வாங்கிக்கொண்டு, என் கையிலிருந்த பாதியைக் காட்டி, “மீதி” என்றாள். ‘உங்களுடையது’ என்பதற்கு அவர்கள் வீட்டுச் சொல் அது. தமிழிலும் அது சரியாகத்தான் இருந்தது.

இப்போதும் நீதி கேட்கிறேன். கேட்பதற்கு முன்னால், என் பையில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.