கொல்லையில் குழாய் வளைந்த இடம்

குளக்... குளக்... பிறகு நீளமாய் ஒரு சர்ர்ர். எங்கள் தொழிலில் முதலில் காது, அப்புறம்தான் கடப்பாரை. மண்ணுக்கடியில் கழிவுக் குழாய் எங்கே ஓடுகிறது என்று தோண்டுமுன் கண்டுபிடித்துச் சொல்வது என் வேலை. யாரும் கற்றுத் தரவில்லை. இரும்புக் கம்பியின் ஒரு முனையை மண்ணில் ஊன்றி, மறுமுனையில் காதை வைத்துக் கேட்டுக் கேட்டு வந்தது. லாரியும் மாவு மிஷினும் ஓய்ந்தால்தான் சத்தம் பிடிபடும் என்பதால் ராத்திரி வேலை. எனக்கும் தூக்கம் வருவதில்லை. சொந்த வீட்டுக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமலே குடியிருக்கும் சக ஜீவன்களே, கேளுங்கள்.

சொம்புத் தண்ணீர்

உத்திரமேரூர் கடைத்தெரு, மளிகைக் கடை பாய் வீடு. "ஒரு பக்கெட் தண்ணிய கக்கூஸ்ல மொத்தமா கொட்டுங்க பாய்" என்று சொல்லிவிட்டு, வாசலில் கம்பியோடு குந்தினேன். சத்தமே இல்லை. இன்னொரு முறை கத்தினேன். அப்போதும் இல்லை. அடைப்போ என்று உள்ளே போனால், மனுஷர் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"கோடைல தண்ணிய அப்டியே கொட்ட மனசு வரலபா. பேஜார் பண்ணாத, சொம்புத் தண்ணிக்கு உன் காது கேக்காதா?"

நேரான மனுஷன்

பெருநகரில் சரோஜா அக்கா வீடு. மகன் குமார் கொல்லையில் குடிதண்ணீர்த் தொட்டி கட்டப்போகிறான். சுண்ணாம்பால் சதுரம் போட்டாயிற்று. விடிந்தால் பொக்லைன் வரும். அதன் பல் கழிவுக் குழாயில் பட்டால் கசிவு நாளைக்குத் தொட்டிக்குள்தான் இறங்கும். அவன் கைக்குழந்தை குடிக்கப்போகும் தண்ணீர். குழாய் பதித்த அப்பாவோ காலமாகிவிட்டார்.

"கக்கூஸ்லேர்ந்து செப்டிக் டேங்குக்கு நேரா கோடு போட்டுக்கோணா. எங்கப்பா எதுலயும் நேரா போற மனுஷன்" என்றான்.

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டே அக்கா குரல் கொடுத்தார்: "பேச்சும் அப்டித்தான். முப்பது வருசத்துல எனுக்காக ஒரு வார்த்த வளைஞ்சி குடுத்ததில்ல."

செடி இருந்த இடம்

அக்கா எழுந்து வந்து தண்ணீர் கொட்டினார். குமார் சொன்ன கோட்டில் தொடக்கத்தில் சத்தம், முடிவில் சத்தம், நடுவில் ஒன்றுமில்லை. சாண் சாணாய் விலகிக் கேட்டேன். குழாய் ஓடியது சுண்ணாம்புச் சதுரத்துக்குள்.

கடப்பாரையைத் தொடாமல் களைக்கொத்தால் சுரண்டினேன். முழங்கை ஆழத்தில் குழாய், வெறும் மண்ணைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது.

"பாறை கீறை கீதா யக்கா இங்க?"

அக்கா டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் அணைக்கவில்லை.

"குண்டுமல்லி வெச்சிருந்தேன். குழாய்க்குப் பள்ளம் எடுத்தா வேரு அறுந்துடும்னு அழுதேன். 'ஒரு செடிக்கா அழுவுற'ன்னு திட்னாரு. நான் அம்மா வூட்டுக்குப் போய் வர்றதுக்குள்ள குழாயப் போட்டு மூடிட்டாரு. செடி பொழைச்சிக்கிச்சி, என் அதிர்ஷ்டம்னு நெனைச்சிக்கினு இருந்தேன்."

குமார் காலால் சுண்ணாம்பை அழித்துவிட்டு, எதிர் மூலையில் வேறு சதுரம் போட்டான்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல, அந்த மனுஷன்" என்றார் அக்கா.

சில வீடுகளில் பிரியம்கூட முழங்கை ஆழத்தில், கழிவுக் குழாய்க்குப் பக்கத்தில்தான் அகப்படுகிறது என்று நினைத்தபடி நான் மண்ணைத் தள்ளி மூட, அக்கா விட்ட இடத்திலிருந்து பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தார்.